படப்பெட்டியில் சோப்பு இல்லாதது குறித்து

என் பெயர், வயது, விலாசம் மேலே எழுதியபடி சரி. தொழில் என்ற இடத்தில் வீட்டு வேலை என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு ஓவியர் என்று போடச் சொன்னேன், போடப்பட்டது.

என் கூடப்பிறந்த அண்ணன் பிஸ்கட், குளிர்பானம் விற்கும் தானியங்கி இயந்திரங்களைப் பழுது பார்ப்பவர். கழித்துப் போட்ட இயந்திரம் ஒன்றை அவர் சரிசெய்து, முறைப்படி அனுமதி வாங்கி, பேருந்து நிலையத்தில் எனக்காக நிறுத்தினார். ஒரு டீக்கு ஆகும் காசைப் போட்டால், நான் வரைந்த உள்ளங்கை அளவு ஓவியம் ஒன்று அட்டைப்பெட்டியில் விழும். பணக்காரர் வீட்டுச் சுவரில் மட்டும்தான் ஓவியம் தொங்க வேண்டுமா என்ற கோபத்தில் செய்த ஏற்பாடு அது.

அதன் பிறகு, பெட்டியில் கனம் இல்லாததால், அதைத் தள்ளிவிடும் கம்பிச்சுருள் சுற்றியும் பெட்டி கீழே விழாமல் அந்தரத்தில் நின்றது. என் அண்ணி வீட்டிலேயே சோப்பு செய்து விற்பவர். விற்காதவை கட்டிலுக்கடியில் கிடந்தன. கனத்துக்காகப் பெட்டிக்கு ஒரு சோப்பு வைத்தோம். அதன் பிறகு இயந்திரத்தின் முன் வரிசை நின்றதாகக் கேள்விப்பட்டு, எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அதன் பிறகு நேரில் போய்ப் பார்த்தபோது, ஒருவர் பெட்டியைப் பிரித்து, சோப்பை முகர்ந்து பையில் போட்டுக்கொண்டு, ஓவியத்தால் பெஞ்சைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். அது நான் கண் வலிக்க வலிக்க வரைந்த மழைக் காட்சி. வீட்டில் சொல்லி அழுதேன். அதற்கு அண்ணி, "நல்லதாப் போச்சு. என் சோப்புக்கு மேலுறை இல்லையேன்னு கவலையா இருந்துச்சு, நீ வரைஞ்சு குடுத்துட்டே" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணன் யார் பக்கமும் பேசாமல் ஸ்குரூ டிரைவரைத் தேடப் போய்விட்டார்.

அதன் பிறகு யாரிடமும் சொல்லாமல் சோப்புகளை எடுத்துவிட்டு உடைந்த டைல்ஸ் துண்டுகளை வைத்தேன். என் ஓவியம் வேண்டும் என்று ஒருவராவது வாங்குவாரா என்று தெரிந்துகொள்ளவே அப்படிச் செய்தேன். யாரையும் ஏமாற்றும் எண்ணம் இல்லை. அதன் பிறகு இயந்திரம் உதைபட்டு அதன் கண்ணாடி உடைந்தது. பேருந்து நடத்துநர் ஒருவர், சோப்புக்குப் பதில் டைல்ஸ் வந்ததாகப் புகார் கொடுத்தார்.

அதன் பிறகு காவல் நிலையத்தில் என்னையும் நடத்துநரையும் எதிரெதிரே உட்கார வைத்தார்கள். பெட்டியில் வந்ததைத் திருப்பிக் கொடுத்தால் காசைத் தந்துவிடுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். நடத்துநர் டைல்ஸ் துண்டை மட்டும் மேசைமேல் வைத்தார். படம் எங்கே என்று அதிகாரி கேட்டார்.

"அதை எதுக்கு சார் கேக்குறீங்க? வீட்டுல மாட்டியாச்சு. என் பொண்ணு அதுல இருக்கிற ஆட்டுக்குப் பேரு வேற வச்சுட்டா. திருப்பிக் கேட்டா வீட்டுக்குள்ள விடமாட்டா. காசு வேணாம், சோப்பு மட்டும் குடுக்கச் சொல்லுங்க."

நான் வரைந்தது கன்றுக்குட்டி. அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

மேற்படி ஓவியம் அவர் வீட்டிலேயே இருப்பதில் எனக்கு எவ்வித ஆட்சேபணையும் இல்லை. அவருக்குச் சேர வேண்டிய சோப்பை, என் அண்ணியிடம் நானே வாய்விட்டுக் கேட்டு வாங்கித் தருகிறேன்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னதுதான், கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. சுயநினைவோடு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)