மூன்றாவது பாலத்துக்கு மேல்

– காலை அங்க வைக்காதீங்க கேப்டன். அந்த மிதி இன்னும் வேலை செய்யுது.

– போலீஸ் ஹெலிகாப்டரைப் பூங்காவுல பொம்மையா நிறுத்தி ஒன்பது வருஷமாச்சு. மிதி வேலை செஞ்சா என்ன, செய்யலேன்னா என்ன? சின்னப் பசங்க உன் சீட்டைக் கிழிச்சு வெச்சிருக்குங்க, அதைப் பாரு ஹோஸுமி.

– பார்த்தேன். மெக்கானிக் மனசு, கேக்க மாட்டேங்குது. வலப்பக்கம் நீங்க, இடப்பக்கம் நான். உக்காந்ததும் கை தானா பெல்ட்டைத் தேடுது.

– முதல்ல கதவைச் சாத்து. சாரல் அடிக்குது. இந்த ஜூன் மழைக்கு இன்னும் நம்ம மேல கோபம் போகல.

– அந்தப் பொண்ணு மூணு மணிக்கு வர்றேன்னிருக்கா. இன்னும் இருபது நிமிஷம் இருக்கு. டீ ஊத்தவா?

– அவ வரட்டும், சேர்ந்து குடிக்கலாம். அவ அப்பா சாகும்போது அவளுக்கு என்ன வயசு?

– ஒன்பது. இப்ப முப்பது. கையெழுத்து குண்டு குண்டா, தெளிவா. தபால்காரர் சாயேகுசாவோட மகளாச்சே. கடிதத்துல ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருக்கா. மலையில அடிபட்டுக் கிடந்த அப்பாவைத் தூக்கப் போன அன்னைக்கு, திரும்பிப் போகலாம்னு சொன்னது யாரு.

– பதிவேட்டுல இருக்கே. மோசமான வானிலை காரணமாகத் திரும்பினோம்னு.

– அதைப் படிச்சிட்டுத்தான் கேக்கறா. வானிலை வாய் திறந்து பேசாது, யாரோ ஒரு ஆள்தான் சொல்லியிருக்கணும்னு எழுதியிருக்கா.

– கெட்டிக்காரிதான்.

– நம்ம வழக்கத்தை அவளுக்கு எப்படிச் சொல்றதுன்னு ராத்திரி எழுதிப் பார்த்தேன். பறக்கறது மூணு பேர். அதுல யாருக்கு மனசு சரியில்லையோ அவர் 'வயிறு வலிக்குது'ன்னு சொல்லணும். சொன்னா உடனே திரும்பிடணும். ஏன்னு கேக்கக் கூடாது, பேரையும் எழுதக் கூடாது. எழுதிட்டுப் படிச்சா எனக்கே சிரிப்பா இருந்துச்சு. கிழிச்சுப் போட்டுட்டேன்.

– நம்ம பிரிவுத் தலைவர் உதகாவா கொண்டுவந்தது அது. போலீஸ்காரன் வாயில பயம்ங்கிற சொல் வராது, வயித்து வலின்னா வந்துடும்னு அவருக்குத் தெரியும். மூணாவது ஆளா தோமி சேர்ந்த புதுசுல ஒரு நாள், நான் வயிறு வலிக்குதுன்னேன். பின்சீட்டுல இருந்து வயித்து வலிக்கான கறுப்பு மாத்திரை டப்பாவை நீட்டினானே, ஞாபகம் இருக்கா?

– 'ரெண்டு போதுமா கேப்டன்'னு கேட்டான்.

– அப்பாவிப் பய. அவ்வளவு காத்துலயும் நாம சிரிச்சோம்.

– நல்ல காலம் அது.

– நல்ல காலம்தான். சாயேகுசா விஷயத்துக்கு அப்புறம் உன் வயித்துக்குத்தான் என்ன மரியாதை. நாம இறங்கி பத்தே நிமிஷத்துல மேகம் பள்ளத்தாக்கை மொத்தமா மூடிடுச்சு. இன்னும் மேல போயிருந்தா மூணு பேரும் பாறையில அப்பிப்போயிருப்போம்னு உதகாவாவே சொன்னார். மறுநாள்ல இருந்து காலையில வானிலை அலுவலகத்துக்குப் போன் போடறதுக்கு முன்னாடி, 'ஹோஸுமியோட வயிறு எப்படி இருக்கு'ன்னு கேப்பார்.

– என் சாப்பாட்டுப் பெட்டிக்கு முன்னால எவனோ ஆரஞ்சுப் பழம் வெச்சுக் கும்பிட்டான்.

– நான்தான்.

– நீங்களா?

– கோயில்ல வைக்கற மாதிரி வெச்சேன். என்ன, முகம் ஏன் இப்படிப் போச்சு?

– கேப்டன், அவ வந்ததும் ஒண்ணு சொல்லப் போறேன். அதுக்கு முன்னாடி உங்க கிட்டயே சொல்லிடறேன். அன்னைக்கு எனக்கு நிஜமாவே வயிறு வலிச்சுது.

– ம்.

– நம்ம வழக்கத்து வலி இல்ல. முந்தின நாள் வாங்கின கானாங்கெளுத்தி சுஷி. வேண்டாம்னு வீட்டுக்காரி சொன்னா, கேக்காம காலையில தின்னுட்டுக் கிளம்பிட்டேன். பக்கத்துல எங்கயாச்சும் இறக்குங்கன்னு கேக்கத்தான் வாயைத் திறந்தேன். நீங்க 'சரி, திரும்பறேன்'னீங்க. அப்பதான் என்ன சொல்லித் தொலைச்சேன்னு உறைச்சுது.

– அப்பவே சொல்லியிருக்கலாமே.

– இப்பச் சொல்வோம், அப்பச் சொல்வோம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அதுக்குள்ள பள்ளத்தாக்கு மூடிடுச்சு. மறுநாள் விடியும்போது இடுப்பு உடைஞ்ச அந்த மனுஷன் தனியா செத்துட்டார். நடந்து போன மீட்புக் குழு மதியம்தான் போய்ச் சேர்ந்துச்சு. நீங்க எல்லாரும் என் வயித்தைக் கும்பிட்டீங்க. இருபத்தோரு வருஷமா நான் மீன் தொடல கேப்டன். ஒரு துண்டு மீனுக்காக அவ அப்பா போயிட்டார்னு அவளுக்குத் தெரியணும்.

– எங்க வலிச்சுது?

– தொப்புளுக்குக் கீழ.

– அதக் கேக்கலடா. எந்த இடத்துக்கு மேல பறக்கும்போது?

– ஆத்தை ஒட்டி மேல போனோம். மழையில வேற அடையாளம் இல்ல, வழக்கம்போல பாலங்களை நான் சத்தமா எண்ணினேன். ஒண்ணு, ரெண்டு, மூணு.

– மூணாவது பாலம்னு நீ சொன்னது என் காதுல விழுந்துச்சு. அப்புறம்?

– அப்புறம் மேகம். பால்ல முக்கின மாதிரி எல்லாம் வெள்ளை. எந்தப் பக்கம் போறோம்னுகூடத் தெரியல. அதுலதான் வயிறு பிடிச்சுது. குனிஞ்சு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். வெளிச்சம் வந்ததும் நெத்தியைக் கண்ணாடியில வெச்சுக் கீழ பார்த்தேன். பள்ளிக்கூடத்து நீச்சல் குளம், அப்பதான் தண்ணி விட்டிருந்தாங்க, நீலமா இருந்துச்சு. அங்க இறங்கினா கக்கூஸ் இருக்கும்னு தோணுச்சு. உடனே வயிறு வலிக்குதுன்னேன்.

– அந்தப் பள்ளிக்கூடம் எங்க இருக்கு ஹோஸுமி?

– முதல் பாலத்துக்குப் பக்கத்துல. ரெண்டாவது பாலத்துக்கு இந்தண்டை.

– மூணாவது பாலத்தைத் தாண்டித்தான மேகத்துக்குள்ள போனோம்?

– ஆமா.

– அப்ப நீ வாயைத் திறந்தப்ப கீழ எப்படிப் பள்ளிக்கூடம் வந்துச்சு?

– பொறுங்க. மூணாவது பாலம். அப்புறம் மேகம். அப்புறம்... கேப்டன்.

– வெள்ளைக்குள்ள மெதுவாத் திருப்பினா உடம்புக்குத் தெரியாது. பின்னால இருந்த தோமிக்கும் தெரியல.

– நான் சொல்றதுக்கு முன்னாடியேவா?

– ஆமா. பாறை எந்தப் பக்கம்னு தெரியல. வயிறு வலிக்குதுன்னு சொல்ல எனக்கும் வாய் இருந்துச்சு, வார்த்தை வரல. சும்மா திருப்பிட்டேன். மேகத்தை விட்டு வெளிய வந்ததும் என்ன சொல்றதுன்னு முழிச்சுக்கிட்டு இருக்கும்போது நீ சொன்னே. அந்தச் சொல்லைப் பிடிச்சுக்கிட்டேன்.

– அப்ப அந்த ஆரஞ்சுப் பழம்?

– வேற என்னத்தை வெச்சுக் கும்பிடறது? அதோ, குடை பிடிச்சுக்கிட்டு வர்றா பாரு. நீ இறங்கி டீயை ஊத்து. அன்னைக்கு யாருக்கு வயிறு வலிச்சுதுன்னு நான் சொல்லிக்கறேன்.