மல்லாட்டை வாய் மூடும் நேரம்

அந்த பஸ்ஸா? அதுல ஏறாதீங்க தம்பி. மேல்மலையனூர் அமாவாசைக்குப் போற ஸ்பெஷலு. போன மாசம் தெரியாம அதுல கால் வெச்ச ஒருத்தரு, மொட்டை போட்டு காது குத்தினப்புறம்தான் கீழ எறங்கினாரு. நெசமாத்தான். திண்டிவனம் வண்டி மெதுவா வரும். இப்படி நெழலுக்கு வந்து குந்துங்க.

பொண்ணு குடுக்க வீடு பாக்க வந்தீங்களா? சீனுவாசன் வீட்டுக்கா. பையன் அப்பாதுரை. ரெண்டாந்தாரம்தானே? மொத சம்சாரம் எப்படிப் போச்சுன்னு கேட்டீங்களா? வெஷ ஜுரமா. சரி, அப்படித்தான் சொல்லுவாங்க.

நெலத்தைக் காட்டினாங்களா? இதோ ரோட்டுக்கு அந்தாண்ட இருக்குதே, இதுதான். விடியறப்பவே கூட்டிக்கினு போனாங்களா? பச்சைப் பசேல்னு இருந்திருக்குமே. ராத்திரி குளிர்ச்சியில எல்லா மல்லாட்டையும், வேர்க்கடலைன்னு சொல்லுவாங்களே அதுதான், காலையில மாப்பிள்ளை கணக்காத்தான் நிக்கும்.

கெணறு? மோட்டாரு ரிப்பேருக்குப் போயிருக்குதுன்னாங்களா. சரி, சரி.

எழுந்திரிக்காதீங்க, வெயில் இன்னும் ஏறல. ஒண்ணு சொல்றேன் கேளுங்க. மண்ணு காய்ஞ்சா மொதல்ல தெரியறது எலைக்கு இல்ல, வேருக்கு. அது இருட்டுல தடவித் தடவிப் பாக்கும். ஈரம் கெடைக்கலன்னா மேல சேதி அனுப்பும், இருக்கறத வெளிய வுடாத, வாயை மூடிக்கன்னு. உச்சி வெயிலுக்கு நாலு எலையும் கை கூப்பின மாதிரி சேந்துக்கும். எங்க பக்கம் ஒரு வருஷம் பத்து ஏக்கராவும் ஒரே நேரத்துல மூடிச்சு பாருங்க, அந்தச் சத்தத்துல ஏர்மாடு கவுத்த அறுத்துக்கினு அனந்தபுரம் வரைக்கும் ஓடிடிச்சு. சிரிங்க, சிரிங்க.

வெயில் உச்சிக்கு வந்துடிச்சு. இப்பத் திரும்பி அந்த நெலத்தைப் பாருங்க.

ஏன் தம்பி சிரிப்பு நின்னுடிச்சு? காலையில பாத்த பச்சை எங்க போச்சு? எலையோட வெளுத்த அடிப்பக்கம்தான் தெரியுது, இல்ல? ஒரு செடி பாக்கி இல்ல. எண்பத்திரெண்டாம் வருஷம் மழை கைவிட்டதுதான், கெணறு வத்திப் போச்சு. மோட்டாரைக் கழட்டி அப்பவே வித்துட்டாங்க.

வீட்டுக்குத் தண்ணியா? நல்லாக் கேட்டீங்க. கெணத்து அடியில ஒரு மூலையில கொஞ்சமா ஊறும். வீட்டுக்கு வந்த மருமவ கவுத்தப் புடிச்சுக்கினு எறங்கி, கொட்டாங்கச்சியால மொண்டு மொண்டு கொடத்த ரொப்பணும். ஆம்பளைங்க எறங்க மாட்டாங்க. உடம்பு கனம், கவுறு தாங்காதாம். கவுறு இல்ல தம்பி, கெணத்துச் செவுத்து மண்ணு வெடிச்சு நிக்குது. எப்ப வேணும்னாலும் சரியும்னு அவங்களுக்குத் தெரியும். மொத மருமவ எறங்கினப்ப சரிஞ்சுது. ஜுரமும் இல்ல, ஒண்ணும் இல்ல. இப்ப எறங்க ஆள் இல்லாம பேஜாரா இருக்குது. அதான் ஜல்தியா முகூர்த்தம் வெக்கப் பாக்கறாங்க.

நானா? இந்த ஊருக்காரன் இல்லீங்க, கண்டாச்சிபுரம். யாராவது பொண்ணு குடுக்க வர்றாங்கன்னு காதுல வுழுந்தா, மொத வண்டியைப் புடிச்சு வந்து இங்க குந்திக்குவேன். எனக்கும் இந்த நெலத்தைக் காலையிலதான் காட்டினாங்க. கிருஷ்ணவேணின்னு பேரு, எம்பொண்ணுக்கு.

அதோ உங்க வண்டி வருது. கையைக் காட்டுங்க, இல்லன்னா நிறுத்த மாட்டான்.