கதவு எப்போதும் திறந்தே இருக்கிறது

தலைமையேற்று அமர்ந்திருக்கும் பெருமதிப்பிற்குரிய ஜானகியம்மாள் அவர்களே! மங்கலத்துத் தறிக்காரப் பெரியோர்களே! ஷிப்ட் முடித்த கையோடு, தலையில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டாமல் வந்திருக்கும் தாய்மார்களே! உங்கள் அத்தனை பேரையும் குற்றம் செய்தவனாக நின்று கும்பிடுகிறேன்.

பனியன் தொழிலாளர்களுக்கு ஆங்கிலம் எழுதப் பயிற்சி வகுப்பு. அதைத் தொடங்கி வைக்கக் கம்பெனி முதலாளியான இந்த மயில்சாமிக்கு என்ன யோக்கியதை என்று பின்வரிசையில் ஒருவர் கேட்கிறார். கேளுங்கள் ஐயா, கேட்க வேண்டிய கேள்விதான்.

சென்ற ஆண்டு, இரண்டாயிரத்து நான்கில், தையல் மாடியின் பின்கதவைப் பூட்டியே வைத்திருந்தேன். தைத்த பனியன் பீஸ் திருட்டுப் போய்விடுமாம்! தைக்கிற கைகளை நம்பாதவன், பூட்டை நம்பினேன். தீப்பிடித்தால் வெளியேற வழி உண்டா என்று நம் சரக்கை வாங்கும் வெளிநாட்டு பையர் கடிதம் எழுதிக் கேட்டார். என் அரைகுறை ஆங்கிலத்தில் பதில் எழுதினேன்: 'தி டோர் ஆல்வேஸ் இஸ் கெப்ட் ஓப்பன்.' கதவு எப்போதும் திறந்தே இருக்கிறதாம்!

ஆபீசில் கடிதம் டைப் செய்யும் அனுசுயா அதைத் திருத்தினார். "'ஆல்வேஸ்' வினையடை சார். வினைத்தொடருக்கு நடுவுல, 'இஸ்'ஸுக்கும் 'கெப்ட்'டுக்கும் இடையில வரணும்" என்றார். மாற்றிவிட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சொல்லு சரியான இடத்துல உக்காந்துருச்சு சார். ஆனா கதவு பூட்டித்தானே கெடக்கு?"

"இலக்கணத்த மட்டும் பாரு கண்ணு" என்றேன். கையெழுத்தும் போட்டேன்.

கடிதம் போன எட்டாம் நாள் மத்தியானம், வெட்டிப் போட்ட துணிக்குவியலில், கட்டிங் வேஸ்ட்டில் தீ. முன்படியெங்கும் புகை. பின்கதவில் பூட்டு. சாவி எங்கே? என் சட்டைப்பையில்! நான் எங்கே? ஈரோட்டில்! உள்ளே பத்தொன்பது பெண்கள். இதோ, முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் டெய்லர் கருத்தம்மா, வெறுங்கையால் ஜன்னல் கண்ணாடியை உடைத்தார். பதினெட்டுப் பேரைப் பக்கத்துக் கூரைமேல் இறக்கிவிட்டுக் கடைசியாகத் தாம் இறங்கினார். எல்லா உயிர்களும் தப்பின. அவருடைய வலக்கை விரல்கள் மட்டும் இன்றுவரை மடங்கவில்லை.

கை தட்டாதீங்க! தயவுசெய்து தட்டாதீங்க. கை தட்டுகிற கதையா இது?

ஆஸ்பத்திரியில் போய் நின்றேன். "என்ன வேணுமுங்கம்மா, சொல்லுங்க, செய்யறேனுங்க" என்றேன். அவர் வீடு கேட்கவில்லை, வேலை கேட்கவில்லை. "கதவு தொறந்திருக்குன்னு இங்கிலீசுல எழுதிக் குடுத்தீயளாமே மொதலாளி. அந்தக் காயிதத்த நானே படிக்கணும்" என்றார். வெட்கத்தில் குறுகிப் போனேன்.

அன்பர்களே! 'ஆல்ரெடி' அனுப்பிவிட்டோம் என்று எழுதுகிறோம். சரக்கு சாயப்பட்டறையில் கிடக்கிறது. 'கம்ப்ளீட்லி' சரிசெய்துவிட்டோம் என்று எழுதுகிறோம். பழுது அப்படியே இருக்கிறது. அந்தச் சின்னச் சொல்லுக்குப் பின்னால் யாருடைய உயிர் நிற்கிறது என்று எப்போதாவது எண்ணினோமா? நம்மில் எவரேனும் எண்ணியதுண்டா?

அதனால்தான் இந்த வகுப்பு. அனுசுயாதான் ஆசிரியை. வினையடையை எந்த இடத்தில் வைப்பது என்று அவர் சொல்லித் தருவார். எழுதியது நிஜமா என்று என்னைப் போன்றவர்களிடம் நீங்கள் கேட்க வேண்டும். முதல் பாடமாக, என் கையெழுத்தோடு, அந்தக் கடிதத்தையே கரும்பலகையில் ஒட்டியிருக்கிறேன். கருத்தம்மா எழுத்துக்கூட்டிப் படிக்கட்டும். அவர் படித்து முடிக்கும்வரை நான் இங்கேயே நிற்கிறேன்.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. உங்கள் கைகள் ஒவ்வொன்றுக்கும் என் வணக்கம்.