கொழும்பிலிருந்து வந்த இரண்டு பைகள்

அந்தப் பையை ஈரத்தோடு வெயிலில் வைத்துவிடாதீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. தோல் விறைத்து வெடித்துவிடும். உள்ளே பழைய துணியை அடைத்து, நிழலில் மெல்ல உலரவிட வேண்டும்.

ஏட்டையா அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "சந்தையில தொங்குத சரக்குதான்" என்றார். நீங்களும் தலையாட்டினீர்கள். என் தம்பி மனைவி ரத்தினபாய் குற்றாலத்தில் கால் வழுக்கி ஆற்றில் விழுந்து இறந்தாள் என்று நீங்கள் எழுதிக்கொண்டு வந்த காகிதத்தில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்துவிட்டேன். ஏட்டையா வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் போட்டும் இருப்பேன். ஆனால் அந்தப் பையைச் சந்தைச் சரக்கு என்று சொல்லக் கேட்டுக்கொண்டு என்னால் இருக்க முடியாது.

அது அசல் முதலைத்தோல். இங்கிலாந்தில் தைத்தது. செதில்களைப் பாருங்கள், ஒன்றைப் போல் மற்றொன்று இல்லை. நடுவில் சதுரமாக இருந்து, ஓரத்துக்குப் போகப் போக உருண்டு சிறுத்துவிடும். போலி என்பது மாட்டுத்தோலில் அச்சு வைத்து அழுத்தியது. ஒரு சாண் தள்ளிப் பார்த்தால் அதே செதில் திரும்ப வந்து நிற்கும். வளைத்தால் அச்சு மழுங்கும். அசலில் கோடு இன்னும் ஆழமாகும். சீசனுக்குக் குற்றாலம் வரும் துரைசானி ஒருத்தி தன் பைகளைப் பழுதுபார்க்க என்னிடம்தான் கொடுப்பாள். நான் தென்காசியில் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்துத் தையல் டீச்சர். ஊசி பிடித்த விரலுக்குத் தோல் பொய் சொல்லாது.

என் தம்பி அருமைநாயகத்தை நான்தான் வளர்த்தேன். அப்பாவும் அம்மாவும் ஒரே காலராவில் போனபோது அவன் சின்னப் பிள்ளை. எனக்கு வந்த வரன்களை அவனுக்காகவே திருப்பி அனுப்பினேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அதை ஒரு குறையாகச் சொல்லவும் இல்லை. அவன் கொழும்பில் தேயிலைக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தான். தூத்துக்குடியில் ரத்தினபாயைக் கட்டினான். அவளை என்னிடம் விட்டுவிட்டு, ஆவணியில் வந்து கூட்டிப்போகிறேன் என்று கப்பலேறினான்.

வைகாசியில் ஊருக்கு வந்த ஒருவரிடம் இரண்டு கைப்பைகள் கொடுத்தனுப்பினான். ஒரே நிறம், ஒரே அளவு, ஒரே பித்தளைப் பூட்டு. ஒவ்வொன்றின் பிடியிலும் எங்களில் ஒருத்தியின் பெயர் எழுதிய அட்டை கட்டியிருந்தது. ரத்தினபாய்க்கு நிலைகொள்ளாத சந்தோஷம்.

"ரெண்டும் ஒண்ணு போலவே இருக்கு பாத்தியளா மதினி. அவியளுக்கு நம்ம ரெண்டு பேரும் ஒண்ணுதான்."

நான் என்னுடைய பையை மடியில் வைத்துப் பெருவிரலால் ஒரு தடவை தடவினேன். பிறகு அவளுடையதை வாங்கித் தடவினேன். "ஆமா, நல்லாருக்கு" என்றேன். அன்றைக்கு நெத்திலிக் குழம்பு வைத்திருந்தேன். நன்றாகவே சாப்பிட்டேன்.

மறுநாளிலிருந்து அவளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தேன். எனக்குத் தெரிந்ததை அப்படியே தலைகீழாக. "அசல்னா செதில் எல்லாம் வகுப்புல பிள்ளைகள் உக்காந்திருக்க மாதிரி ஒழுங்கா இருக்கும் பாரு, என் பையில இருக்குல்லா? ஒன் பையில ஒண்ணு குண்டு, ஒண்ணு ஒல்லி. கைவேலை தெரியாதவன் செஞ்சது." கெட்டிக்காரி. சொன்னதை உடனே பிடித்துக்கொண்டாள். இரண்டு பைகளையும் பக்கத்தில் வைத்து, செதிலுக்குச் செதில் பார்த்துக்கொண்டே இருப்பாள். ஒரு மாதத்தில் அவள் தோள்பட்டை எலும்பு ரவிக்கைக்கு மேல் தெரிய ஆரம்பித்தது.

"பொண்டாட்டிக்குப் போலிய அனுப்புதவிய, ஆவணியில வந்து கூட்டிட்டுப் போவாவளா மதினி? அங்கன வேற யாரும் இருக்காளோ?"

"ஆம்பிளை மனசப் பத்தி எனக்கென்ன தெரியும் பிள்ளை? பையப் பத்திக் கேளு, சொல்லுதேன்."

நான் பொய் சொல்லவில்லை பாருங்கள். ஆம்பிளை மனசைப் பற்றி எனக்கு நிஜமாகவே தெரியாது.

கடைசியாக அவளே கேட்டாள், தீர்த்துச் சொல்ல ஏதாவது சோதனை உண்டா என்று. உண்டு என்றேன். ஓடுகிற மலைத்தண்ணீரில் முக்கி எடுத்தால் அசலில் தண்ணீர் ஒட்டாது, போலி என்றால் ஊறிப்போகும். அப்படி ஒரு சோதனையே கிடையாது. எந்தத் தோலும் ஊறத்தான் செய்யும். அந்தப் பை கெட்டுப்போகட்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான். புறப்படும்போது மலை உச்சியில் மேகம் கறுத்துக் குந்தியிருந்தது. அதையும் பார்த்தேன்.

செண்பகாதேவி அருவிக்கு ஏறும் வழியில், கூட்டம் வராத ஓர் இடத்தில் ஆற்றோரம் நின்றோம். கரையோரம் தண்ணீர் வேகமில்லை, நடுப்பாறைக்குப் போ என்றேன். சேலையைச் செருகிக்கொண்டு போனாள். அவள் கடற்கரையில் வளர்ந்தவள், தண்ணீருக்குப் பயமில்லை. ஆனால் கடல் வந்தால் திரும்பிப் போகும். மலைத்தண்ணீர் திரும்பிப் போகாது. அது அவளுக்குத் தெரியாது.

பாறையில் குனியுமுன் என்னைப் பார்த்துச் சொன்னாள். "இது நெசமா இருந்தா நீங்க வச்சுக்கிடுங்க மதினி. அவியள வளத்தது நீங்கதான. எனக்கு அவிய வந்தாப் போதும்."

அப்போதுதான் முதல் சருகு மிதந்து வந்தது. பிறகு கொத்தாகச் சருகும் சுள்ளியும். பளிங்காக ஓடிய தண்ணீர் தேயிலைத் தண்ணீர் மாதிரி ஆயிற்று. இந்தப் பக்கத்தில் பிறந்த யாருக்கும் அதற்கு மேல் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. மேலே சரிவில் விறகுக் கட்டோடு நின்றவள், உங்களிடம் சாட்சி சொன்ன மாரித்தாய், கையை வீசிக் கத்தினாள். "ஏ தாயி, வெள்ளம் வருது, ஏறு, கரைக்கு ஏறு" என்று எனக்குத் தெளிவாகவே கேட்டது. ரத்தினபாய் அருவி இரைச்சலுக்குள் நின்றாள்.

"அந்த அம்மா என்ன சொல்லுதா, மதினி?"

"மங்குஸ்தான் வேணுமான்னு கேக்கா. வேண்டாம்னு சொல்லு."

ரத்தினபாய் சிரித்துக்கொண்டே ஏன் கையை ஆட்டினாள் என்று மாரித்தாய்க்கு இன்னும் விளங்கவில்லை என்றீர்கள். உங்களுக்கும் விளங்கவில்லை. வேண்டாம் என்றுதான் ஆட்டினாள். ஆட்டிவிட்டுப் பையைத் தண்ணீரில் முக்கி எடுத்தாள். சேலை ஓரத்தில் துடைத்து, என்னிடம் காட்டுவதற்காகத் தூக்கிப் பிடித்தாள். நான் பார்த்தேன். அவளுக்குப் பின்னால் வந்ததையும் பார்த்தேன். கூப்பிட நேரம் இருந்தது. ஆனால் என் தம்பி வாங்கிய பொருளை அவள் கையிலிருந்து தானமாக வாங்கிக்கொண்டு நான் வீட்டுக்கு நடக்க வேண்டும் என்றால், அது எப்படி ஐயா?

ஆகவே கால் வழுக்கி என்று எழுதியிருப்பதை அடித்துவிடுங்கள். அவள் கால் வழுக்கவே இல்லை. போலி வாக்குமூலத்தில் என் பெயர் வேண்டாம். நான் சொன்னதை எழுதுங்கள், போடுகிறேன்.

அருமைநாயகம் நாளைக்குக் காலையில் வந்துவிடுவான். அவன் வந்ததும் ஒன்று மட்டும் என் முன்னால் கேளுங்கள். கடையில் இரண்டு பைகளையும் கட்டும்போது கவனமாக இருந்தானா என்று. அவசரக்காரன், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், சட்டைப் பொத்தானைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு நிற்பான். அசலை யாருக்கு வாங்கியிருப்பான் என்று எனக்குத் தெரியாதா? அந்தப் பையை இப்படிக் கொடுங்கள், நானே துணி அடைத்து வைக்கிறேன். அட்டைதான் மாறிப்போயிற்று ஐயா. வேறொன்றும் இல்லை.