விடைத்தாளின் கடைசிப் பக்கம்

டீக்கு நன்றி, இன்ஸ்பெக்டர். சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். பரவாயில்லை, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

பாடத்திட்டத் துறையில் முதலில் புத்தகம் எழுதினேன்; பிறகு பரீட்சைப் பிரிவுக்குத் தலைவனானேன். புதிய கணிதப் புத்தகம் முழுக்க என் கைவண்ணம். அதைப் படித்த பிள்ளைகளின் முதல் வருட விடைத்தாள்கள், திருத்தி முடித்து, மறுபார்வைக்கு என் அறைக்கு வந்தன. வியர்வை வாடை, எண்ணெய்க் கறை, எச்சில் தொட்டுத் திருப்பிய மூலைகள். உள்ளே எழுதியிருந்தது அதைவிடக் குமட்டல். என் பாடத்தைக் கடித்துக் குதறியிருந்தார்கள். கட்டைப் பிரித்த அன்று எனக்குச் சோறு இறங்காது.

இன்னொரு அசிங்கமும் உண்டு. சில பிள்ளைகள் கடைசிப் பக்கத்தில், 'ஐயா, எனக்கு யாருமில்லை, பாஸ் போட்டுவிடுங்கள்' என்று கெஞ்சி எழுதும். அப்படி எழுதினால் அந்தத் தாள் செல்லாது. இது எங்கள் விதி. செல்லாத தாள் தேர்ச்சி விகிதத்திலும் சேராது.

தோற்ற தாள்களில் கடைசிப் பக்கம் பெரும்பாலும் காலியாகத்தான் கிடந்தது. பேனாவை எடுத்து அதே கெஞ்சலை நானே எழுதினேன். அந்தப் பிள்ளைகளின் கையெழுத்து ஒன்றும் பெரிய வித்தை இல்லை, கோழி கிளறின மாதிரி எழுதினால் போதும். தேர்ச்சி விகிதம் ஏறியது. என் புத்தகத்தைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள்.

நீங்கள் கேட்ட அந்தப் பெண் தோற்கிறவள் இல்லை. நான் போட்ட கணக்கு ஒன்றின் பக்கத்தில், 'இந்தக் கேள்வி தவறு, விடை வராது' என்று எழுதியிருந்தாள். முத்துமுத்தான எழுத்து. நானே போட்டுப் பார்த்தேன், வரவில்லை. அது வெளியே போனால் என் மானம் கப்பலேறும். செல்லாத தாள் என்றால் உள்ளே யாரும் புரட்டிப் பார்க்கமாட்டார்கள். அவள் எழுத்தைப் பழகத்தான் கொஞ்சம் சிரமப்பட்டேன். தாயில்லாப் பெண் என்று உருக்கமாக எழுதிவைத்தேன்.

அந்தக் கடைசிப் பக்கத்தின் நகல் விதிப்படி பள்ளிக்குப் போனது; அங்கே அதை எல்லோர் முன்னாலும் படித்துக் காட்டியிருக்கிறார்கள். மறுநாள் அவள் உயிரோடு இல்லை. பிறகு அவள் அப்பா என் அறைக்கு வந்தார். பஸ் மெக்கானிக், நகக்கண்ணெல்லாம் கிரீஸ். அந்த விரலாலேயே தாளைத் தொட்டுத் தொட்டுப் படித்தார்.

"எழுத்து அவ எழுத்து மாதிரிதான் இருக்கு சார். ஆனா அவ அம்மா வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கா," என்றார். "மார்க்கெல்லாம் வேண்டாம். எம்பொண்ணு கெஞ்சலைன்னு மட்டும் எழுதிக் குடுங்க."

"அதுக்கு விதி இல்லீங்க," என்றேன்.

அதற்குள் அந்த அம்மா உள்ளே வந்து என் காலைக் கட்டிக்கொண்டாள். கண்ணீரும் சளியும் என் பேன்ட்டில் ஒட்டின. காலை உதறிக்கொண்டேன்.

ஆமாம், எல்லாத் தாளிலும் எழுதியது நான்தான். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஆனால் அந்தப் பெண் விஷயத்தில் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கெஞ்சுவது அந்த வீட்டு ரத்தத்திலேயே இருக்கிறது. நான் எழுதியதில் அப்படி ஒன்றும் பொய் இல்லை.