சீனி கொஞ்சம் தூக்கலா

டீ ஆறுததுக்குள்ள குடிச்சிருங்க மேடம். உங்களுக்குச் சீனி கம்மியாத்தான் போட்டிருக்கேன், மாட்டுங்காக்காரங்க அப்படித்தான குடிப்பிய. எங்க தாராவி டீ குடிச்சா உங்களுக்குத் திகட்டிரும்.

தம்பி பேச்சிராஜா போய்ச் சேந்து ஒரு மாசம் ஆகப் போவுது. வேலைய விட்டுட்டு செம்பூர் செண்டர்லேருந்து ஆட்டோ புடிச்சு எனக்கு ஆறுதல் சொல்ல வந்திருக்கிய. வந்த இடத்துல நீங்களே கண்ணக் கசக்கிட்டு, 'அவனுக்குக் கவுன்சிலிங் பண்ணுனதுல எங்க தப்பு விட்டேன்னு தெரியலையே முத்துமாரி'ங்கிய. எனக்கு மனசு கேக்கல. உங்க மேல ஒரு குத்தமும் இல்ல மேடம். நீங்க நல்லாத்தான் சொல்லிக் குடுத்திய. அதான் உள்ளத உள்ளபடி சொல்லிருதேன்.

அவன் இருமல் மருந்துல விழுந்தப்ப மீசை கூட சரியா மொளைக்கல. பாட்டில் பாட்டிலாக் குடிச்சான். கூடவே, இங்க பயலுவ பட்டன்னு சொல்லுத தூக்க மாத்திரை. அத்தனை வருஷமும் நான்தான் அவனச் சுமந்தேன். சோறு ஊட்டுவேன், குளிப்பாட்டுவேன், சாக்கடை ஓரத்துல கெடந்தா தூக்கிட்டு வருவேன். என்னையப் பொண்ணு கேட்டு வந்தவங்கள, 'தம்பிய யாரு பாத்துக்குவா'ன்னு திருப்பி அனுப்புனேன். இப்படி ஒரு அக்கா கெடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்னு சந்து முழுக்கப் பேசுவாங்க. நீங்ககூடச் சொல்லியிருக்கிய.

போதைய விடவைக்க உங்க செண்டர்ல குடும்பத்துக்காரங்களுக்கு நீங்க எடுத்த கிளாஸ் ஒண்ணக்கூட நான் விட்டதில்ல. போர்டுல மூளைய வரைஞ்சு காட்டுனிய. ஆசைங்கது குடிச்ச பிறகு வாறது இல்ல, வாசனையோ ருசியோ பட்ட உடனேயே மூளை துள்ள ஆரம்பிச்சிரும்னிய. மருந்து குடிக்கவன் போதை ஏறணும்னு சீனிய அள்ளிப் போட்டு டீ குடிப்பான், அந்த இனிப்பு நாக்குல பட்டாலே மூளை பாட்டிலத் தேடும், அதனால வீட்டுல சீனி ரொம்பக் கம்மியான டீதான் குடுக்கணும்னு என்கிட்டத் தனியாவே சொன்னிய. வேண்டாம்னு நிறுத்துத பிரேக்கு நெத்திக்குப் பின்னால இருக்கு, மனசு ஒடிஞ்சா அது புடிக்காதுன்னிய. நான் எட்டாங்கிளாஸ்தான். ஆனா ஒரு எழுத்து மறக்கல.

அவன் நல்லாத்தான் ஆனான். டிராம்பேல ஒரு ஒர்க்‌ஷாப்ல வேலை கெடைச்சுது. துணிய அவனே தொவைச்சான், தட்ட அவனே கழுவுனான். நான் சோத்த வச்சிக்கிட்டுக் காத்துக்கெடந்தா, 'நீ சாப்பிட வேண்டியதுதானக்கா'ம்பான். கோவண்டியில ஷாலினின்னு ஒரு பிள்ளையப் புடிச்சுப்போச்சு. தாயில்லாப் பிள்ளை. கல்யாணத்த முடிச்சிட்டு அங்கயே ரூம் எடுத்துப் போயிருவோம்னான். சொல்லிட்டு, 'இனிமேலாவது உனக்குன்னு வாழுக்கா'ன்னான். எவ்வளவு பிரியமாச் சொன்னான் தெரியுமா. எனக்குன்னா என்ன மேடம்? இந்த வீட்டுல அப்படி ஒண்ணு எங்க இருக்கு?

மறுநாள் டீயில சீனி கொஞ்சம் தூக்கலாப் போட்டேன். 'என்னக்கா, இனிக்கு'ன்னான். கை தவறிட்டுதுன்னேன். குடிச்சிட்டான். அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் போட்டேன். பிறகு அவன் கேக்கதையே விட்டுட்டான். டம்ளர் அடியில கெடக்கத விரலால வழிச்சு நக்குவான், உக்காந்த இடத்துல கால் சும்மா ஆடும். ஒரு நாள் தலைவலின்னு சொல்லி, முன்னால அவன் பாட்டில் வாங்குன மெடிக்கலுக்கே என் மாத்திரைக்கு அனுப்புனேன். வேர்த்து ஊத்திட்டு வந்தான். மாத்திரைய மட்டும் என் கையில வச்சிட்டுச் சொவத்துல சாஞ்சு உக்காந்துட்டான். அந்த அளவுக்கு நீங்க அவனத் திடமாக்கியிருந்திய. எனக்கே பெருமையா இருந்துச்சு.

அதனாலதான் ஒரு பொய் சொல்ல வேண்டியதாப் போச்சு. 'ஷாலினி போன் பண்ணுனா, உன்னைய நம்ப முடியலையாம், கல்யாணம் வேண்டாமாம், நீ கூப்பிடவும் கூடாதாம்'னேன். அந்தப் பிள்ளை போனே பண்ணல.

அன்னைக்கு மத்தியானம் சட்டைக்குள்ள பாட்டிலோட வந்தான். 'திட்டாதக்கா'ன்னு அழுதான். நான் எதுக்குத் திட்டப் போறேன்? பழையபடியே குடிச்சான், பட்டனும் போட்டான். நான் டீ போட்டுக் குடுத்தேன். விட்டு ரொம்ப நாள் ஆனவன் உடம்பு பழைய அளவத் தாங்காது, மூச்சு அடங்கிரும், உதடு நீலம் பாஞ்சா தாமசிக்காம ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கன்னு நீங்க சொன்னது எனக்கு ஞாபகம் இருந்துச்சு. உதடு நீலம் பாஞ்சதையும் பாத்தேன். போன் பக்கத்துலயேதான் கெடந்துச்சு. ஆனா அவன் என் மடியில தலைய வச்சிருந்தான் மேடம். அப்படிப் படுத்து எத்தனை நாளாச்சு. உங்களக் கூப்பிட்டா தூக்கிட்டுப் போயி மறுபடியும் நல்லாக்கி அனுப்பிருவிய. நான் முதுகத் தட்டிக் குடுத்துக்கிட்டே இருந்தேன். மூச்சு நின்ன பிறகும் கொஞ்ச நேரம் தட்டுனேன்.

ஆமா, நான்தான் கொன்னேன். போலீஸ்ல சொல்லணும்னா சொல்லுங்க, நான் மறுக்க மாட்டேன்.

கொஞ்சம் மெதுவா அழுங்க மேடம். மேல ஷாலினி தூங்குதா. காரியம் முடிஞ்சதுலேருந்து இங்கதான் கெடக்கா. தூக்கம் வரலைன்னு டாக்டர் மாத்திரை எழுதிக் குடுத்தாரு. முதல்ல ஒண்ணு போட்டாத் தூங்குனா, இப்ப ரெண்டு குடுத்தாத்தான் கண்ணு சொருகுது. முழிச்சா என் சேலையப் புடிச்சிக்கிட்டு, 'போயிராதக்கா'ங்கா. இன்னைக்கே ஸ்டேஷனுக்கு வான்னா நான் எப்படி வருவேன்? பாவம், அந்தப் பிள்ளைக்கு என்னைய விட்டா யாரு இருக்கா?