சகலையின் தலையில் ஓட்டைப் பாத்திரம்

காய்கறி கழுவுகிற ஓட்டைப் பாத்திரத்தை ஒருவர் தலையில் கவிழ்த்தாலே போதும், கூடியிருப்பவர்களில் பாதிப் பேர் சிரித்துவிடுவார்கள். அந்தப் பாத்திரத்தின் விளிம்பில் நாலு துணி கிளிப்பை மாட்டி, "இப்ப இவரு மனசைப் படிக்கப் போறேன்" என்றால் மீதிப் பாதியும் நம் பக்கம் வந்துவிடும். நீங்களும் சிரித்தீர்கள் இன்ஸ்பெக்டர் ஐயா. டீ மூக்கில் ஏறி நீங்கள் இருமியது எனக்கு நினைவிருக்கிறது.

என் தொழில் பாத்திர வியாபாரம். கடை மாமனாருடையது. நான் மூத்த மாப்பிள்ளை. என் மனைவியின் தங்கையைக் கட்டியவன் என் சகலை, அவனும் கடையில்தான் இருந்தான். கூட்டம் சேர்க்கத்தான் இந்த வித்தையை ஆரம்பித்தேன். வாசலில் யாரையாவது பிடித்து உட்கார வைப்பேன், அவர் மனதில் இருப்பதாக எதையாவது கேட்பேன், அவர் திருதிருவென்று முழித்து 'ஆமா' என்பார், சிரித்தவர்கள் ஆளுக்கொரு குக்கரோடு வீட்டுக்குப் போவார்கள். மாமனார் ஒரு நாளும் பாராட்டியதில்லை. "கோமாளியைக் கல்லாவுல உக்கார வெச்சா கடை வெளங்குமா?" என்பார். கல்லாச் சாவியைச் சகலையிடம் கொடுக்கப்போவதாகச் சாப்பிடும்போது எல்லோர் முன்னாலும் சொன்னார். எனக்குக் கோபமே வரவில்லை. தண்ணீர் குடித்துவிட்டுக் கை கழுவினேன். அந்த வாரமே அவர் பரணில் ஏறும்போது ஏணி இரண்டாகப் பிரிந்து, மனிதர் போய்ச் சேர்ந்தார்.

ஏணியின் போல்ட்டு தானாக விழவில்லை, யாரோ ஸ்பேனர் வைத்துக் கழற்றியிருக்கிறார்கள் என்று நீங்கள் வந்து சொன்னீர்கள். ஏணி இருந்த பரண் அறைச் சாவி, மாமனாரை விட்டால் என்னிடமும் சகலையிடமும் மட்டும்தான் இருந்தது. அதைக் கேட்டதும் அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். அவனைப் பார்க்கவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை விசாரணைக்கு வந்தீர்கள். வீடே உம்மென்று இருந்தது. "பெரியப்பா, வித்தை காட்டுங்க" என்றாள் சகலையின் மகள். "காட்டுங்க மாப்ளே, புள்ளைங்க சிரிச்சு ரொம்ப நாளாச்சு" என்று அத்தையே சொன்னார். சகலை தானாகவே வந்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

வித்தையின் சூட்சுமத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நான் யார் மனதையும் படிப்பதில்லை. பாத்திரத்தைக் கவிழ்த்து, அலைவரிசை பிடிப்பதாகச் சொல்லிக் கரண்டியால் டங்கு டங்கென்று தட்டுவேன். அந்தச் சத்தத்தில் அவர் காதோடு, "எது கேட்டாலும் ஆமான்னு சொல்லுங்க, தமாஷா இருக்கும்" என்பேன். அவ்வளவுதான். ஒருவர்கூட என்னைக் காட்டிக்கொடுத்ததில்லை. நாலு பேர் சிரித்துக்கொண்டிருக்கும்போது அதைக் கெடுக்க யாருக்கும் மனம் வராது. மனிதர்கள் அவ்வளவு நல்லவர்கள். சகலை அவர்களைவிட நல்லவன்.

"குறட்டை விடறது நீ, பழி பொண்டாட்டி மேலயா?"

"ஆமா."

"பாப்பா ஒளிச்சு வெச்ச பிஸ்கட்டைத் தின்னது நீதானே?"

"ஆமா, ஆமா."

மகள் அவன் முதுகில் குத்தினாள். கிளிப்புகள் ஆடின. நீங்கள் இருமியது அப்போதுதான். அதே குரலில், அதே வேகத்தில் அடுத்ததைக் கேட்டேன்.

"மாமாவோட ஏணியில போல்ட்டைக் கழட்டினதும் நீதானே?"

"ஆமா" என்றான், சிரித்துக்கொண்டே. வாய் பழகிவிட்டது, அது பாட்டுக்குப் போய்விட்டது.

நீங்கள் டம்ளரைக் கீழே வைத்தீர்கள். "ஐயோ, அண்ணன்தான் ஆமான்னு சொல்லச் சொன்னாரு" என்று அவன் கத்தினான். பாத்திரம் இன்னும் தலையில்தான் இருந்தது. அந்தக் கோலத்தில் ஒருவன் சத்தியமே செய்தாலும் எடுபடாது. நான் அப்படி எதுவும் சொல்லவில்லை என்றேன். நீங்கள் என்னை நம்பினீர்கள். நன்றி.

விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும். நான் கல்லாவில் உட்கார்ந்தேன். ஆனால் வருகிறவர்கள் எல்லாம் அவன் பேச்சையே எடுத்தார்கள். "தப்புப் பண்ணாலும் மனசாட்சி உள்ளவன்யா, கேட்டதும் ஒத்துக்கிட்டான் பாரு" என்றார் பக்கத்துக் கடைக்காரர். அத்தை தினமும் உங்கள் லாக்கப்புக்கு அவனுக்குச் சாப்பாடு கொண்டுபோகிறார். "பொய் சொல்லத் தெரியாத புள்ளை" என்று என்னிடமே சொல்லி அழுதார். எனக்கு வயிறு எரிந்தது. கொன்றவன் என்று பெயர் வாங்கிய பிறகும் நல்ல மாப்பிள்ளை அவன்தான். கரண்டியைத் தட்டியவனைப் பற்றி ஒருவர்கூடப் பேசவில்லை.

அதனால்தான் நானே வந்தேன். அவன்மேல் பரிதாபப்பட்டு வந்ததாக எழுதிவிடாதீர்கள். அவனிடம் கேட்ட அந்தக் கடைசிக் கேள்வியை இப்போது என்னிடம் கேளுங்கள்.

ஆமாம். போல்ட்டைக் கழற்றியது நான்தான்.

கவனித்தீர்களா ஐயா, யாரும் காதில் சொல்லித் தராமலேயே சொன்னேன். அத்தை சாப்பாடு கொண்டுவரும்போது இதை மறக்காமல் அவரிடம் சொல்லுங்கள்.